பக்கத்து உள்ளாட்சியோடு சேர்ந்து திட்டமிட முடியுமா? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "நகராட்சி ஒன்றை ஒட்டிய பேரூராட்சியில் வசிக்கிறேன். மேட்டுப் பக்கம் நகராட்சிப் பகுதி. அங்கே வீடுகளும் கடைகளும் பெருகிவிட்டன. மழை பெய்தால் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் புகுகிறது. ஓடையைத் தூர்வாரச் சொன்னால், பாதி எங்களுடையது, பாதி அவர்களுடையது என்று இரண்டு அலுவலகங்களும் சொல்கின்றன. அருகருகே உள்ள உள்ளாட்சிகள் சேர்ந்து திட்டமிடச் சட்டத்தில் வழியே இல்லையா? எல்லாவற்றையும் ஒரே மாநகராட்சியாக இணைத்துவிட்டால் பிரச்சினை தீராதா?"

வழி இருக்கிறது, நூறு ஆண்டுகளாகவே இருக்கிறது. இணைத்துவிட்டால் தீரும் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. நகர் ஊரமைப்பு வேலையில் பல மாவட்டங்களில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது நாகர்கோவிலில் குடியிருப்பவன் நான். நீங்கள் கேட்டது என் பணிக்காலம் முழுவதும் என்னை விடாமல் துரத்திய கேள்வி. அதனால் பதில் நீளும்.

முதலில் நம் மாவட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். நாகர்கோவிலில் பஸ் ஏறி வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை போங்கள். ஊர் எங்கே முடிந்தது, அடுத்த ஊர் எங்கே தொடங்கியது என்று பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். மற்ற மாவட்டங்களில் நகரம் முடிந்தால் வயல் வரும், வயல் முடிந்தால் அடுத்த ஊர் வரும். இங்கே விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, நடுவில் வீடு, அதை அடுத்து இன்னொரு விளை, அதற்குள் இன்னொரு வீடு என்றே மக்கள் காலங்காலமாக வாழ்ந்திருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள் தொகை 18,70,374. சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தவர் என்று அந்தக் கணக்கு சொல்கிறது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி நகர்மயமான மாவட்டம் இதுதான். ஆனால் இந்த ஒட்டுமொத்த நகரத்தை ஆள்வது ஒருவர் அல்லர். நாகர்கோவில் மாநகராட்சி ஒன்று. பத்மநாபபுரம், குளச்சல், குழித்துறை, கொல்லங்கோடு என்று நகராட்சிகள். ஐம்பதை ஒட்டிய பேரூராட்சிகள். 95 கிராம ஊராட்சிகள். ஒரே மழை, ஒரே சரிவு, நூற்றைம்பது அலுவலகங்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதற்கு இதுதான் மூல காரணம்.

பழையாற்றை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஆறு. சுருளகோடு மலைப்பக்கம் தொடங்கி, பூதப்பாண்டி, தாழக்குடி பக்கமாக வந்து, ஒழுகினசேரியில் நாகர்கோவிலைத் தொட்டு, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலில் சேர்கிறது. வழியில் சபரி அணை, குமரி அணை என்று சிறு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்கள், அதாவது வாய்க்கால்கள், பிரிகின்றன. ஒவ்வொரு காலும் குளங்களை நிரப்புகிறது. ஒரு குளம் நிறைந்து மறுகால் வழியாக வெளியேறும் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகிறது. நம் முன்னோர் ஊர்களைத் தனித்தனியாக வைத்துக்கொண்டாலும் தண்ணீரை ஒன்றாகவே திட்டமிட்டார்கள். மேல்மடைக்காரன் அடைத்தால் கீழ்மடைக்காரனின் நெல் கருகும் என்பதால் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். பிறகு திருவிதாங்கூர் ஆட்சியில் 1897-ல் தொடங்கி 1906-ல் பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தபோதும், அந்த அணையின் தண்ணீரைப் பழைய கால்களோடும் குளங்களோடும்தான் இணைத்தார்கள். தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய், நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு என்று நாம் இன்றும் 'சானல்' என்று சொல்லும் அத்தனையும் ஊர் எல்லைகளைக் கடந்து போகும் ஒரே அமைப்பு.

இப்போது அதே ஆற்றில் என்ன நடக்கிறது? நாகர்கோவிலின் கழிவுநீரில் ஒரு பகுதி அதில் சேர்கிறது. அந்தத் தண்ணீர் மாநகராட்சிக்கு இனிக் கவலையில்லை, எல்லை தாண்டிவிட்டது. கீழே இருப்பவர்கள் அதை அனுபவிக்கிறார்கள். கீழே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வலசைப் பறவைகள் வந்து தங்கும் இடம். சுசீந்திரம் ஒரு பேரூராட்சி, தேரூர் இன்னொரு பேரூராட்சி. உலக அளவில் மதிக்கப்படும் ஒரு நீர்நிலையின் இருபுறமும் இரண்டு சிறிய அலுவலகங்கள். அவற்றின் வருமானம் நாகர்கோவில் மாநகராட்சியின் வருமானத்துக்கு ஈடாகாது. குளத்துக்கு வரும் தண்ணீரையும், அதில் கலக்கும் கழிவையும், சுற்றி எழும் மனைப்பிரிவுகளையும் அந்த இரு பேரூராட்சிகளால் மட்டும் ஒழுங்குபடுத்த இயலாது. இங்கே கூட்டுத் திட்டமிடல் இல்லாவிட்டால் பாதுகாப்பு என்பது காகிதத்தில்தான் இருக்கும்.

சிக்கலின் ஆணிவேர் பணக்கணக்கு. மேட்டில் இருக்கும் நகராட்சி ஒரு வணிக வளாகத்துக்கு அனுமதி கொடுக்கிறது. கட்டட அனுமதிக் கட்டணம், சொத்து வரி, தொழில் வரி எல்லாம் அதற்கு வரவு. அந்த வளாகத்தின் கூரையிலும் சிமெண்ட் தரையிலும் விழும் மழை முன்பு மண்ணில் ஊறியது. இப்போது அரை மணி நேரத்தில் பள்ளத்துக்கு ஓடுகிறது. ஓடையை அகலப்படுத்தும் செலவு கீழே இருக்கும் பேரூராட்சிக்கு. வரவு ஓரிடம், செலவு வேறிடம். இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதாத எந்த ஒத்துழைப்பும் ஆண்டுக்கு ஒரு கூட்டத்தோடு முடிந்துவிடும். நல்லெண்ணம் இல்லாததால் அல்ல. நல்லெண்ணத்துக்குப் பட்ஜெட்டில் தலைப்பு இல்லாததால்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஊர்ப் பெயர்கள் வேண்டாம், இந்த மாவட்டமும் இல்லை. இரண்டு உள்ளாட்சிகளுக்கு நடுவே ஓர் ஓடை. மேலே இருந்தவர்கள் நிதி கிடைத்ததும் தங்கள் பகுதியில் இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, அகலமான அழகான வடிகாலாக்கிவிட்டார்கள். எல்லையில் வேலை நின்றது. அதற்குக் கீழே பழைய குறுகலான மண் ஓடை, அதன் மேல் சின்னப் பாலம். அடுத்த ஐப்பசியில், முன்பு ஒரு நாளும் நனையாத வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். மேலே வேலை செய்த பொறியாளர் தவறு செய்யவில்லை. அவருடைய எல்லைக்குள் அந்தத் திட்டம் சரியானது. எல்லைக்கு அப்பால் பார்க்கும் கடமை யாருக்கும் தரப்படவில்லை. அந்த வரைபடத்தைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். எல்லைக்கோட்டோடு வரைபடம் முடிந்திருந்ததை நான் கேள்வி கேட்காமல் விட்டேன். இன்றும் அது மனதை உறுத்துகிறது.

அப்படியானால் இணைத்துவிடலாமே என்பீர்கள். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சியானது. அதைச் சுற்றியிருந்த சில பகுதிகள் காலப்போக்கில் அதோடு சேர்ந்தன. மாநகரத்தின் தோளோடு தோள் ஒட்டிய பகுதிகளுக்கு இணைப்பு பொருந்தலாம். மாவட்டம் முழுவதற்கும் அதையே மருந்தாகச் சொல்வதை நான் எதிர்க்கிறேன். கிராம ஊராட்சி ஒன்று நகர அமைப்பில் சேரும் நாளிலேயே ஊரக வேலைத் திட்டம் அங்கே நின்றுபோகிறது. கூலி வேலையை நம்பிய பெண்கள் அந்த வருமானத்தை இழக்கிறார்கள். கிராம சபை போய்விடுகிறது. வரி உயரும் என்ற அச்சமும் காரணமில்லாதது அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லையைத் தள்ளி வைத்தால் அந்தப் புது எல்லைக்கு அப்பாலும் ஓர் அண்டை ஊர் இருக்கும். பழையாறு அங்கேயும் போகும்.

பிரான்சில் கம்யூன் என்று சொல்லும் அடிப்படை உள்ளாட்சிகள் ஏறத்தாழ 35,000 இருக்கின்றன. பலவற்றில் சில நூறு பேர்தான். அவற்றைக் கலைக்க அங்கே மக்கள் சம்மதிக்கவில்லை. மாறாக 1890-லேயே சட்டம் இயற்றி, பல கம்யூன்கள் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகக் கூட்டமைப்பு வைத்துக்கொள்ள வழிசெய்தார்கள். குப்பை, தண்ணீர், போக்குவரத்து, பிறகு நிலப்பயன்பாட்டுத் திட்டம் வரை அந்தக் கூட்டமைப்புகளுக்கு வந்தது. ஊரும் மேயரும் அப்படியே இருக்க, வேலை மட்டும் பொதுவாயிற்று. நம் மாவட்டத்தின் இயல்புக்கு இந்தப் பாதைதான் ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

இனிச் சட்டம். 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே கூட்டுக்குழு என்ற ஏற்பாடு இருந்தது: ஒரு நகராட்சி, தனக்கும் வேறோர் உள்ளாட்சிக்கும் பொதுவான காரியத்துக்காக அதோடு சேர்ந்து குழு அமைக்கலாம், அரசு கேட்டால் அமைத்தே ஆக வேண்டும். அடுத்தது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். பல உள்ளாட்சிகளைச் சேர்த்து ஒரே உள்ளூர்த் திட்டப் பகுதியாக அறிவித்து, ஒரே முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாரிக்க அது இடம் தருகிறது. அதைவிடப் பெரிய பரப்புக்கு மண்டலத் திட்டம் என்ற பிரிவும் அதில் உண்டு. கட்டட விதிகளைப் பொறுத்தவரை 2019-ல் மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒருங்கிணைந்த விதிகள் வந்துவிட்டதால், பக்கத்து ஊரில் விதி தளர்வு என்று சொல்லிக் கட்டடக்காரர்கள் தாவுவது குறைந்திருக்கிறது.

அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 243 இசட்.டி. பிரிவு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மாவட்டத் திட்டக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர், ஊரக, நகர அமைப்புகளில் தேர்வானவர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுப்பவர்களாக இருக்க வேண்டும். அந்தக் குழு எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் வரி என் மனதுக்கு மிக நெருக்கமானது. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்கள், இடம்சார்ந்த திட்டமிடல், தண்ணீர் முதலான வளங்களைப் பகிர்ந்துகொள்ளுதல், சுற்றுச்சூழல் பாதுகாப்பு. உங்கள் கேள்வியை அப்படியே அரசியலமைப்பின் மொழியில் எழுதினால் இதுதான் கிடைக்கும்.

ஆனால் தமிழ்நாட்டில் இந்தக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட ஊராட்சித் தலைவர், துணைத் தலைவர் ஆட்சியர். 2025 ஜனவரி 5-ல் குமரி உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட ஊராட்சி இல்லாதபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட திட்டக் குழு எப்படி உயிரோடு இருக்கும்? உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவது உங்கள் தெருவின் வடிகாலோடு தொடர்புடைய விஷயம் என்பதை மக்கள் உணர வேண்டும். களியக்காவிளையைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரளத்தில் உள்ளாட்சிகளின் ஆண்டுத் திட்டங்கள் மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதலுக்குப் போயாக வேண்டும். பாறசாலையின் ஊராட்சித் திட்டத்தைத் திருவனந்தபுரத்தில் ஒரு மேசையில் வைத்துப் பார்க்கிறார்கள். நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் நடைமுறை அது.

பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. பத்து லட்சம் பேரோ அதற்கு மேலோ உள்ள, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளாட்சிகளைக் கொண்ட பகுதியை ஆளுநர் அறிவிக்கையின் மூலம் பெருநகரப் பகுதியாக்கலாம் என்பது அரசியலமைப்பின் வரையறை. ஒரே பெரிய நகரம் இருந்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. அந்த வரையறைக்குள் குமரி மாவட்டம் முழுவதுமே அடங்கும். அப்படி அறிவித்தால் பெருநகரத் திட்டக் குழு வரும்; அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தேர்வானவர்களாக இருப்பார்கள். இதை மேடையில் பேசலாம், மனு கொடுக்கலாம். ஆனால் உங்கள் ஓடைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம்.

நம் ஊர்களில் ஒத்துழைப்பே இல்லை என்பதும் சரியல்ல. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் குழித்துறை வழியாக ஓடும் தாமிரபரணியில் ஒரே இடத்தில் தண்ணீர் எடுத்து, சுத்திகரித்து, பல பேரூராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் பிரித்து அனுப்புகிறார்கள். யாருக்கு எவ்வளவு என்று அளக்கிறார்கள். அளவுக்கேற்ப உள்ளாட்சி கட்டணம் செலுத்துகிறது. கடல் நீர் ஆற்றில் ஏறிக் குடிநீர் கரிக்கத் தொடங்கியபோது பரக்காணியில் தடுப்பணை வந்தது. பயன் ஆற்றோரத்துப் பல ஊர்களுக்கு. இது நடந்ததற்குக் காரணம் மேலே ஒரு வாரியமும் ஒரு துறையும் பொறுப்பேற்றதுதான். குழாயில் தண்ணீர் தருவதற்கு ஒன்றாகச் சேர்ந்தவர்களால், அதே தண்ணீர் கழிவாக வெளியேறும்போது சேர முடியவில்லை. அளவு, கட்டணம், பொறுப்பு ஆகிய மூன்றையும் வடிகாலுக்கும் கொண்டுவர வேண்டும்.

உங்கள் ஓடைக்கு இதை எப்படிச் செய்வது? முதல் வேலை, ஓடையை அதன் தலையிலிருந்து கடைசி வரை ஒரே வரைபடத்தில் கொண்டுவருவது. இரு பகுதிகளின் புலப்படங்களையும் (நில அளவை வரைபடங்கள்) அ-பதிவேட்டையும் (புல எண்வாரியான நிலப் பதிவேடு) எடுத்து ஒட்டினாலே ஓடைப் புறம்போக்கின் அசல் அகலம் தெரிந்துவிடும். அப்போது ஓர் உண்மை வெளிப்படும்: ஓடை இரண்டு பேருக்கு மட்டும் சொந்தமானதாக இருக்காது. சானல் என்றால் நீர்வளத்துறை, மேலே போகும் பாலம் நெடுஞ்சாலைத் துறை, சின்னக் குளம் ஊராட்சி ஒன்றியம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் என்றால் மலையிடப் பாதுகாப்புக் குழுமம். பாதி உங்களுடையது, பாதி அவர்களுடையது என்று சொன்ன இரு அலுவலகங்களும், பாலம் மூன்றாவது துறையினுடையது என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது தீர்மானம். இரு மன்றங்களும் ஒரே வாசகத்தில், ஒரே மாதத்தில் கூட்டுக்குழுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். வாசகம் குறுகலாக இருக்கட்டும். 'ஒருங்கிணைந்த வளர்ச்சி' என்று எழுதினால் எதுவும் நடக்காது. இந்த ஓடை, இந்தப் புல எண்ணிலிருந்து இந்தப் புல எண் வரை என்று எழுதுங்கள். செலவுப் பங்கை எல்லைக்குள் இருக்கும் ஓடையின் நீளத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்தால் கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் தண்ணீருக்கும் சேர்த்துச் செலவு செய்வார். நீர் வந்து சேரும் பரப்பை வைத்துப் பிரியுங்கள். உதாரணத்துக்கு, ஓடைக்கு நீர் தரும் 100 ஏக்கரில் 70 ஏக்கர் நகராட்சிக்குள் இருந்தால், ஓடையின் பெரும்பகுதி பேரூராட்சிக்குள் ஓடினாலும் 70 பங்கு நகராட்சியினுடையது. இந்த ஒரு விதியை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கடினம். அது நடந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

மேட்டில் இருப்பவர்களுக்குப் பணத்துக்கு மேலும் ஒரு கடமை உண்டு. மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் தமிழ்நாடு 2003-லேயே கட்டாயமாக்கியது. பெரிய வளாகங்களில் அது உண்மையில் வேலை செய்கிறதா என்று கூட்டுக்குழு போய்ப் பார்க்கட்டும். தண்ணீரை மேலேயே நிறுத்துவது கீழே சுவர் கட்டுவதைவிடச் செலவு குறைந்த வேலை. வேலையைக் கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நான் மேலே சொன்ன சம்பவம் மறுபடி எங்கும் நடக்கக் கூடாது.

கடற்கரையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளத்தில் கிராமத்தை ஒட்டிக் கிராமமாக மீனவ ஊர்கள். ஓர் ஊர் கேட்டுப் போராடி, கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவை வாங்குகிறது. அலையோடு கரையை ஒட்டி நகரும் மணல் அந்த வளைவில் தங்குகிறது. அதற்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல் போவதில்லை. அங்கே கடல் வீட்டுக்குள் வருகிறது. பிறகு அந்த ஊரும் வளைவு கேட்கிறது. யாரையும் குறை சொல்ல முடியாது. வீட்டை இழப்பவர் கேட்கத்தான் செய்வார். நீரோடி முதல் கன்னியாகுமரி வரை மணலின் போக்கை ஒரே கணக்காகப் பார்க்காமல் ஊருக்கு ஊர் கல் கொட்டுவது, துயரத்தை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதாகவே முடிகிறது.

மாநில எல்லை தாண்டிய சிக்கல் உள்ளாட்சிகளின் கைக்கு அடங்காது. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004-க்குப் பிறகு தண்ணீர் வராததால் விளவங்கோடு வட்டத்து ஏலாக்கள், அதாவது வயல்வெளிகள், வறண்டதும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரு மாநிலங்களும் ஓர் ஏற்பாட்டில் நிலைத்து நிற்க முடியும் என்பதற்குச் சாட்சி தக்கலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில் இருக்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் பிரிந்து வந்த பிறகும் அந்த ஏற்பாடு நீடிக்கிறது.

கடைசியாக, நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடியது. பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும் இப்போது வார்டின் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை கூட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் வார்டின் சபையில் ஓடையைப் பற்றிய கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். அதோடு நிற்காமல், மேட்டுப் பக்கத்து வார்டில் அறிமுகமானவர் ஒருவரைப் பிடித்து, அதே கோரிக்கையை அதே சொற்களில் அவருடைய சபையிலும் பதிவு செய்ய வையுங்கள். இரண்டு பதிவுகளின் நகலையும் சேர்த்து ஆட்சியருக்கு மனுவாகக் கொடுங்கள். கூட்டுக்குழு என்ற சொல்லை மனுவின் பொருள் வரியிலேயே எழுதுங்கள். மழை பெய்யும் நாளில் எல்லைப் பாலத்தின் மேல் நின்று, மேலே பார்த்து ஒன்று, கீழே பார்த்து ஒன்று என இரண்டு புகைப்படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்து அதில் இணையுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்குவதற்கு முன் புலப்படங்கள் கைக்கு வந்துவிட்டால், படிப்பதற்கு நான் உதவுகிறேன்.